நேரே வருவது

திரையில் அந்தக் குமிழ் ஓடவில்லை. முதல் கோளாறு அதுதான்.

சூரியன் கக்கும் நெருப்புக் குமிழ்களின் வேகத்தைக் கணிப்பது றிம்சானின் வேலை. சூரியனைக் கறுப்புத் தட்டால் மறைத்து விண்கலம் எடுக்கும் படங்களில், குமிழின் விளிம்பு ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளந்து, அது பூமிக்கு எப்போது வரும் என்று வெளிநாட்டுக் கம்பனிக்குச் சொல்வான். இதெல்லாம் சாய்ந்தமருதில், மனைவி ஸஹ்றாவின் சீதன வீட்டில், கடற்பக்க அறையில், இடுப்பில் சாரனோடு இருந்துகொண்டு. தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் சூரியன் தும்முகிறது என்பது போலக் கதைப்பான். ஆனால் ஆள், பக்கத்து வளவில் தேங்காய் விழுந்தாலே பயந்து கலிமா சொல்பவன்.

இந்தக் குமிழ் எந்தப் பக்கமும் போகாமல், கறுப்புத் தட்டைச் சுற்றி வெள்ளை வளையமாக நின்று, படத்துக்குப் படம் அகன்றது. அதன் பொருள் அவனுக்குத் தெரியும். பக்கவாட்டில் போவது ஓடும். நேரே வருவது நின்றபடி பெருக்கும். அதன் வேகத்தை முன்னால் நின்று அளக்க முடியாது. பக்கவாட்டில் நின்று பார்க்க இன்னொரு கண் வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தான். ளுஹர் தொழுகை நேரத்து உச்சி வெயிலில் மணல் கொதித்தது, கடலின் இரைச்சலை யாரோ கையால் பொத்தியது போல இருந்தது, முடி பொசுங்கும் நாற்றம் அடித்தது. தண்ணீர் விளிம்பில் கறுப்பாக ஒன்று. ஆள் மாதிரி. அதைச் சுற்றி வெள்ளை வளையம்.

அகப்பையோடு வந்த ஸஹ்றாவுக்கு வயிற்றில் எட்டு மாதம். காலையில் வாசல் படலையடியில் ஒரு ஆள் “வாறன்” என்றானாம். விடைபெறுகிறான் என்று நினைத்து, முகம் பார்க்காமலே, வழக்கம்போல “ஓம், வாங்க” என்றாளாம். விடைபெறுகிறவன் முதலில் எப்போது வந்தான் என்பதை மட்டும் அவள் காணவில்லை.

றிம்சான் மறுபடி பார்த்தான். அது நகரவில்லை. ஆனால் இப்போது பின்னால் கடலில் நின்ற இரண்டு படகை மறைத்தது.

“புள்ள, தோணியடிக்குப் போய்ப் பக்கவாட்டில நிண்டு பாரு. அது எந்தப் பக்கம் போகுதெண்டு ஃபோன்ல சொல்லு.”

“சூரியன அளக்கிற ஆளுக்கு ஒரு மனிசனப் பாக்கப் பயமா மச்சான்?”

சிரித்தபடி மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு போனாள். வீரர் றிம்சான் உள்ளே கதவுக்குக் கொண்டி போட்டார்.

ஃபோன் அடித்தது.

“தெரியுது மச்சான்.”

“எந்தப் பக்கம் போகுது?”

“எங்கயும் போகல்ல. நிக்கிது.” மூச்சு வாங்கியது. “ஆனா பெருக்குது.”

யன்னலுக்கு ஓடினான். அவன் கண்ணுக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில். தோணிகளை நோக்கி. அப்போதுதான் விளங்கியது. அது அவனிடம் வரவே இல்லை. வாங்க என்று சொன்னவளிடம் வந்தது. பக்கவாட்டில் நின்ற கண் அவன்தான்.

பழகிய விரல் கண்ணாடியில் அதன் விளிம்பைத் தொட்டது. நகர்ந்தது. மறுபடி தொட்டது. கணக்கு உடனே வந்தது. இவ்வளவு சுத்தமாக அவன் எதையும் அளந்ததில்லை.

ஓடு என்று கத்த வாய் திறந்தான்.

அதற்குள் ஃபோனில் காற்று. பிறகு ஒன்றுமில்லை.

பிறகு ஸஹ்றாவின் குரல். அமைதியாக.

“மச்சான், நான் வாறன்.”

உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

“ஓம், வா புள்ள.”

சொல்லிவிட்டுத்தான் பார்த்தான். தோணியடியில் ஸஹ்றா இல்லை. கறுப்பாக அது மட்டும். அதன் தலைக்கு மேல் விரித்தபடி மஞ்சள் குடை.

ஓட்டம் நின்றிருந்தது.

நின்றபடியே, பெருக்கத் தொடங்கியது.