விளரிக்கு எழுந்தவன்

மேற்கு மலைகளுக்குப் பின்னே கதிரவன் சரிந்துகொண்டிருந்தான். செம்பைக் காய்ச்சி ஊற்றியது போல் குளவியாறு பரந்து கிடந்தது. அதன் கரையில், நெடுநாள் முற்றுகையில் மேனியெல்லாம் கல் பெயர்ந்து, சுமையை இறக்க இடம் கிடைக்காத கூலியாளைப் போல் தோள் சாய்ந்து நின்றது வெண்குன்றக் கோட்டை. அதனுள்ளிருந்து யாழின் ஓசை வந்துகொண்டிருந்தது.

அன்பார்ந்த வாசகர்களே! யாழை நீங்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. வில்லாய் வளைந்த மரத்தண்டு, அடியில் தோல் போர்த்த மரக்குடம், நடுவே இழுத்துக் கட்டிய நரம்புகள், பார்க்க இவ்வளவுதான். ஆனால் நம் கதை நடந்த நாட்டில் அதற்குப் போர்க்களத்திலும் வேலை இருந்தது. புண்பட்டுக் கிடக்கும் தலைவனின் வாயிலில் வேப்பிலை செருகி, தலைமாட்டில் யாழை ஓயாமல் வாசிப்பார்கள். அது ஒலிக்கும்வரை பகைவனும் வாளை உருவமாட்டான். உயிர் போனால் பாணர்கள் விளரி என்னும் இரங்கற்பண்ணுக்கு மாறுவார்கள். மற்றவர் காதுக்கு அதுவும் ஒரு பாட்டுத்தான். பாணர் குலத்தான் மட்டும் அதைக் கேட்ட இடத்திலேயே எழுந்து, குடுமியை அவிழ்த்து, தலைகுனிந்து நிற்பான்.

அன்று மாலை விளக்கேற்றும் வேளையில், புண்பட்டுக் கிடந்த கோட்டைத் தலைவன் வேள் வெண்கோடன் இறந்துபோனான்.

"நிறுத்திவிடாதே, சேந்தி!" என்று யாழ் வாசித்தவளிடம் சொன்னான் படைத்தலைவன் கோவன், தலைவனின் கண்களை மூடியபடி. "பின்துறையில் பெண்டு பிள்ளைகள் பரிசல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அக்கரை சேரும்வரை நம் வேள் உயிரோடு இருந்தாக வேண்டும்."

"விரல் பிளந்துவிட்டது, அண்ணா."

"உன் கணவன் இங்கே இருந்தால், 'என் பெண்டாட்டியை இப்படியா வாட்டுவது' என்று என் காதைத் திருகியிருப்பான்."

"அவரா? 'சுருதி இறங்குகிறது பார்' என்று என் காதைத்தான் திருகுவார்" என்றாள் அவள். சிரிக்கப் பார்த்தாள், உதடு மட்டும் கோணியது.

அவள் கணவன் விண்டன் அப்போது பகைவர் பாசறையில் இருந்தான். பாணன் என்பதை மறைத்து, குதிரைக்குப் புல் வெட்டுகிறவனாகச் சேர்ந்து, அங்கு நடப்பதையெல்லாம் கோட்டைக்குச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்த ஒற்றன் அவன்.

நிலவு எழுந்தது. சாளரத்தின் வழியே புகுந்த வெண்ணொளி இறந்தவனின் முகத்தில் விழுந்தது. சேந்தி அந்த முகத்தைப் பார்த்தாள். சிறுமியாய் இருந்த நாள் முதல் எத்தனையோ பிணங்களின் தலைமாட்டில் அமர்ந்து வாசித்த கை அவளுடையது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை தூக்கத்திலும் மடங்குவது போல, அவள் சொல்லாமலே அவள் விரல்கள் அந்த வழக்கமான இடத்துக்குப் போயின.

விளரி எழுந்தது.

நாலைந்து நரம்பு தடவிய பிறகே அவளுக்கு உறைத்தது. பதறிப் பழைய பண்ணுக்குத் திரும்பினாள். பாசறையில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் சமைத்தார்கள், சூதாடிக்கொண்டிருந்தவர்கள் ஆடினார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் பகைவர் சேனாபதி கடுவனின் தீவட்டிக்கு அருகில் புற்கட்டைச் சுமந்து போன ஒருவன் கட்டை நழுவவிட்டான்; குடுமியை அவிழ்த்தான்; கோட்டையை நோக்கித் தலைகுனிந்து நின்றான்.

"ஏய் புல்வெட்டி! என்னடா நின்றுவிட்டாய்?" என்று அதட்டினான் கடுவன்.

"கால் மரத்துப்போச்சு, ஐயா."

"கால் மரத்துப்போனால் குடுமியை எதற்கடா அவிழ்த்தாய்?"

விண்டன் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். அப்போதுதான் தான் செய்தது அவனுக்கே தெரிந்தது.

கடுவன் கோட்டையைப் பார்த்தான். அவிழ்ந்து கிடந்த குடுமியைப் பார்த்தான். "அடடே, நீ பாணனா!" என்றான் மெதுவாக. "அப்படியானால் அங்கே ஒரு பிணத்துக்கல்லவா வாசிக்கிறார்கள்!"

முரசு அதிர்ந்தது. குதிரைகள் பின்துறையை வளைத்தன. நடு ஆற்றில் இருந்த பரிசல்கள் மேல் அம்பு மழை பொழிந்தது. அந்தக் கூக்குரலை எழுத எனக்குக் கை வரவில்லை, வாசகர்களே. கோவன் வேப்பிலை வாயிலிலேயே வெட்டுண்டு விழுந்தான்.

விண்டனைக் கட்டி இழுத்துவந்து சேந்தியின் முன் நிறுத்தினார்கள். அவனது அவிழ்ந்த குடுமியைக் கண்டதுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான் பண்ணை மாற்றிவிட்டேன்" என்றாள்.

"நான் எழுந்துவிட்டேன்" என்றான் அவன். "விடு. நம் கையும் காலும் நம் பேச்சைக் கேட்டா வளர்ந்தன?"

"நல்ல இணை!" என்று நகைத்தான் கடுவன். "பாணிச்சி, இவன் தலை விழப்போகிறது. இவனுக்கும் ஒரு விளரி வாசி. நானும் கேட்கிறேன்."

பாணனுக்கு விளரி இல்லாத சாவு நாதியற்ற சாவு. சேந்தி கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கண்கள் அதைக் கேட்டன. கேட்கக் கூடாதென்றும் தாழ்ந்தன. அவள் குனிந்து, கோவன் விட்டுப்போன குறுவாளை எடுத்தாள். காவலர்கள் பாய்வதற்குள் யாழின் நரம்புகளை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

"இறந்த வேள்மீது ஆணை! ஆற்றோடு போன அந்தப் பிள்ளைகள்மீது ஆணை! இனி என் கை நரம்பைத் தொடாது. என் வயிற்றில் பிறப்பவர் கையும் தொடாது."

கடுவனின் சிரிப்பு நின்றது. அவன் கையசைத்தான், வாள் உயர்ந்தது.

விண்டன் எதையும் பார்க்கவில்லை. அவிழ்ந்த குடுமி தோளில் புரள, எங்கோ ஒலிக்கும் விளரியைக் கேட்பவனைப் போல் அவன் தானாகவே தலைகுனிந்து நின்றான்.