மிச்சம் வைத்த மூன்று நிமிடம்

மழைக்கு ஒதுங்க அவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் ஓடி நுழைந்த கடையில், சக்கரத்தின் மேல் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான்... அதே கண்கள். காதோரம் மட்டும் லேசாக நரைத்திருந்தது.

‘மீட்டர்’ என்று வாய்வரை வந்த பட்டப்பெயரை விழுங்கிக்கொண்டாள்.

“பின் சக்கரமா?” என்றான், நேற்றுத்தான் பார்த்தவன் போல.

ரப்பர் பசை வாசனை மூக்கில் ஏறியதும் பழைய பயிற்சிக்கூடம் கண்முன் வந்து நின்றது. பந்தயக்காரர்களின் கால் பலத்தை அளப்பது அங்கே அவன் வேலை. சளைக்காமல் நெடுநேரம் மிதிக்கக்கூடிய அளவு ஒன்று எல்லோருக்கும் உண்டு, அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சின்னத் தொட்டி வற்றத் தொடங்கும் என்பான். நின்ற இடத்திலேயே சுற்றும் சைக்கிளில், முதல் மிதியிலிருந்தே உயிரைக் கொடுத்து மூன்று நிமிடம் மிதிக்க வேண்டும். தொட்டி வற்றிய பிறகும் கால் எதைக் கொடுக்கிறதோ, அதுதான் உண்மையான அளவு.

அவள் உயிரைக் கொடுக்கவில்லை. தொடக்கத்தில் அடக்கி வாசித்தாள். கடைசியில் தெம்பு மிச்சமிருந்ததால் மீட்டரில் எண் எக்கச்சக்கமாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டும், இது அவள் எண்ணே இல்லை, மறுபடி செய்ய வேண்டும் என்றான்... அத்தனை பேர் முன்னால்!

“உங்களுக்கு மீட்டரைத்தான் படிக்கத் தெரியும். மனுஷங்களைத் தெரியாது” என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அந்த எண்ணை நம்பி இறங்கிய பந்தயத்தில் பாதி மேட்டிலேயே சுருண்டாள். திரும்பிப்போக ரோஷம் விடவில்லை. ரோஷம் தணிந்தபோது அவன் ஊரிலேயே இல்லை. அதன்பின் வந்த வரன்களை எல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். அம்மா அலுத்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டாள்.

பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. பாழாய்ப்போன மழையும் விட்டுவிட்டது. இப்போது போனால் போனதுதான்... கடை மூலையில், நின்ற இடத்திலேயே சுற்றும் அதே மாதிரி ஒரு சைக்கிள் நின்றது.

“அந்த டெஸ்டை இப்ப எடுப்பீங்களா?”

அவன் சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கினான்... கேட்காமலே, சரியான உயரத்துக்கு.

இந்த முறை முதல் மிதியிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். கொண்டை அவிழ்ந்தது, மூக்கு ஒழுகியது, கண் இருட்டியது. முடிந்ததும் கைப்பிடியிலேயே கவிழ்ந்தாள். எண் பழையதைவிட எவ்வளவோ கீழே.

“இதுதான் நீங்க” என்றான் அவன் மெல்ல. “அன்னைக்கு ஏன் மிச்சம் வெச்சீங்க?”

“இப்படி... மூக்கு ஒழுக... உங்க முன்னாடி எறங்க... மனசு வரல.” மூச்சுக்கு நடுவே வார்த்தைகள் தாமாக விழுந்தன. “உங்களுக்கு... அழகா தெரியணும்னு... உங்களை அவ்வளவு பிடிச்சிருந்துது. இப்பவும்.”

அவன் துண்டை நீட்டினான்.

“மேட்டுல விழுந்துடுவீங்கங்கற பயத்துலதான் அப்படிப் பேசிட்டேன். அப்புறம் உங்களை மாதிரி யாரையும்... எனக்கு அளக்கத் தோணல. கல்யாணமும் தோணல.”

அவள் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“தொட்டி மறுபடி எப்ப நிரம்பும்?”

“மெதுவா போனா தானா நிரம்பும்.”

“அப்ப மெதுவாவே போலாம்” என்றாள். “நீங்களும் சைக்கிளை எடுங்க.”