4417-ஆம் எண் மட்டை

வெர்னா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மரக்கொட்டகையைத் திறந்தபோது, தீய்ந்த மரவாடை முகத்தில் அடித்தது. அப்பா போன மாதம்தான் செத்தார். அதற்கும் பல வருஷம் முன்பே கொட்டகை மூலையிலிருந்த கணப்பு அணைந்துவிட்டது.

சுவரில் பதினோரு பேஸ்பால் மட்டைகள். மலைமேல் சிறையில் கைதிகள் கடைந்தவை. பெயருக்குப் பதில் கைதி எண்ணை முத்திரையாகச் சூடு போட்டிருந்தார்கள். அப்பா அந்தச் சிறைப் பட்டறைக்குக் காவலர்.

பின்னாலேயே ஒடெஸா வந்தாள், தன் அப்பாவின் பழியைத் துடைக்கக் கோரும் ஒரு மனுவோடு. 4417 அவளுடைய அப்பா. அந்த எண் போட்ட மட்டை ஆட்டத்தில் பிளந்து வேறொரு காவலரின் கண் போயிற்று. அந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும்: முத்திரை வானம் பார்க்கப் பிடித்து அடித்தால் பந்து மரத்தின் வலுவான பக்கத்தில் பட்டு மட்டை தாங்கும், முத்திரையே இடம் மாறியிருந்தால் தவறான பக்கத்தில் பட்டுப் பிளந்துவிடும். வேண்டுமென்றே மாற்றிப் போட்டான் என்று 4417-ஐ இருட்டறையில் அடைத்தார்கள். அங்கேயே செத்தான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கைதி கையில காய்ச்சின இரும்பக் குடுப்பாங்களா?”

கொடுக்கமாட்டார்கள். சூடு போட்டதெல்லாம் அப்பாதான். அந்த மட்டைக்குச் சூடு போட்ட அன்றைக்குக் குடித்திருந்ததாகச் சாகும்போது வெர்னாவிடம் சொன்னார். ஊர் மைதானத்துக்கு இப்போது அவர் பெயர்.

“எனக்கென்ன தெரியும்? அப்ப நான் சின்னப் பொண்ணு.”

“அறுபத்துமூணு வயசாச்சு. இன்னும் சின்னப் பொண்ணாவே இருக்கீங்க.”

மனுவைக் கொட்டகை மேசைமேல் வைத்துவிட்டு ஒடெஸா போய்விட்டாள். மனசு மாறினால் கையெழுத்துப் போடலாமாம்.

டொக்.

மட்டைக்காரன் அடிப்பதற்கு முன் தரையைத் தட்டுவானே, அந்தச் சத்தம்.

வெர்னா திரும்பினாள். பதினோரு மட்டைகளும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

மேசைக்கு அடியில், சாக்குக்குள், பன்னிரண்டாவது இருந்தது. பிளந்த மட்டை. முத்திரை கால்வட்டம் விலகி, மரத்தின் ரேகைமேல் ஏறியிருந்தது. அப்பா ஏன் இதை எறியவில்லை?

கணப்பை மூட்டினாள். மனுவை முதலில் போட்டாள். அதன்மேல் மட்டையை.

டொக். டொக்.

பின்னால்தான். மிக அருகில்.

“யாரு?”

காய்ச்சிய இரும்பை மரத்தில் அழுத்தினால் எழும் சீறல் மட்டும் கேட்டது. கணப்புக்குள்ளிருந்து அல்ல.

அவள் கைக்குள்ளிருந்து.

கைத்தடியை உதறினாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. அப்பா ஒரு பிறந்தநாளுக்கு அவளுக்கென்று கடைந்து கொடுத்த தடி அது; இத்தனை வருஷம் ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது அதிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

குனிந்து பார்த்தாள்.

4417.

ரேகையில் ஏறாமல், விலகாமல், இருக்கவேண்டிய இடத்தில் கச்சிதமாகச் சூடு பதிந்திருந்தது.