நிலச்செவியின் இரண்டாம் சங்கு

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடியில் பதித்திருந்த நிலச்செவிகளுக்கு அன்றைக்குப் பரீட்சை. கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தால் அவை கேட்கும். கேட்ட மறுகணம் கரையெங்கும் சங்கு ஊதும். அலை வருமுன் ஊர் மேடேறிவிடலாம். ஆனால் சோதித்துப் பார்க்கப் பூகம்பத்தை ஆர்டர் கொடுத்தா வரவழைக்க முடியும்? கரையில் வைத்து ஆட்டிப் பார்த்தால், அத்தனை தண்ணீர் மேலே அழுத்தும்போது கருவி என்ன செய்யும் என்று தெரியாது.

நிலச்செவியை வடிவமைத்த ஜெனோவா அந்த ஊர் மீனவப் பெண். அவள் ஒரு வழி சொன்னாள். வீட்டளவு பெரிய இரும்புக் கட்டியைக் கப்பலிலிருந்து கடலில் போட்டார்கள். அது தரையில் மோதியதும் சங்கு ஊதியது. ஒத்திகைதான் என்று தெரிந்த லட்சம் பேர் சிரித்துப் பேசியபடி மேட்டுக்கு நடந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒரே கைதட்டல். ஆய்வுக் குழுத் தலைவர் சேஷாத்ரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

சங்கு மறுபடி ஊதியது. இம்முறை யாரும் எதையும் போடவில்லை.

திரையில் கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. மூன்றாம் சங்கு. மேட்டுக்குப் போகும் பாலத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜெனோவாவின் அக்காவும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். அதிகாரிகள் யாரும் அணைத்துவிடக் கூடாதென்று, சங்கை நிறுத்தப் பொத்தானே வைக்காமல் விட்டவளும் அவள்தான்.

பதிவுகளைப் பார்த்தாள். கடல் அதிர்ந்திருந்தால் ஆழத்துச் செவிக்குத்தான் முதலில் கேட்டிருக்கும். இங்கே கரையோரச் செவிக்கு முதலில் கேட்டிருந்தது.

"சார், கடல் இல்ல. நம்ம ஆளுக நடந்ததுதான் அதுக்குக் கேட்டிருக்கு. ஊதவும் ஓடுதாவ, ஓடவும் ஊதுது. நிக்கச் சொல்லப் போறேன்."

"நின்ன பிறகு நிஜமாவே அலை வந்தா? அத்தனையும் உங்க தலையிலதாம்மா விடியும்!"

தன் கருவிமேல் அவளுக்கு இருந்த திமிர் பெரிது. கரையெங்கும் கேட்கும் ஒலிபெருக்கியின் மைக்கைப் பிடித்தாள்.

"யாரும் ஓடாதிய! நின்ன எடத்துலயே நில்லுங்க! பிலோமின் மக ஜெனோவா பேசுதேன். அலை வரல. நீங்க ஓடுததுதான் அதிருது!"

தெரிந்த குரலைக் கேட்டு முதலில் அவள் தெருக்காரர்கள் நின்றார்கள். பிறகு ஊரே நின்றது. சங்கும் நின்றது.

சேஷாத்ரி வியர்வையைத் துடைத்தார். "கரைச் சத்தம் கேட்காதபடி செவியை அடைச்சிடலாமா?"

"நாளைக்குக் கரையோரமே பிளந்தா? நிலம் அதிர்ந்துச்சு, சொல்லுச்சு. அது மேல என்ன தப்பு சார்?"

அவர் மறுபடி பேனாவை எடுத்து எழுதினார்: கருவி தேர்ச்சி. மக்கள் தேர்ச்சி பெறவில்லை, மறுதேர்வு தேவை.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை சங்கு ஊதுகிறது. ஜனங்கள் பூப்போல மேடேறுகிறார்கள். எந்தத் தெரு எவ்வளவு அதிர்ந்தது என்று நிலச்செவி மதிப்பெண் போடுகிறது. குறையக் குறையப் பெருமை. ஜெனோவாவின் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"போன மாசம் எங்க தெரு மொத்தமும் ஏறி முடிச்சிட்டோம். மிசினுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேக்கல. ஆளுக நகரவே இல்லன்னு பயந்து, அது மறுபடியும் ஊதிருச்சுல்லா!"