உப்பு மூட்டை

ஷியோரி கைதட்டினாள். சத்தம் வரவில்லை.

துறைமுகத்தில், மீனவர்களின் சாமியான எபிசுவின் கோயிலில், ஒசாகாவிலிருந்து ஒருநாள் சுற்றுலாவுக்கு வந்திருந்த தம்பதிக்கு முன்னால், இருமுறை குனிந்து இருமுறை கைதட்டிக் காட்டுவதுதான் வழிகாட்டியான அவளுக்கு அன்றைய முதல் வேலை. மீண்டும் தட்டினாள். ஈரத் துணிமேல் ஈரத் துணி விழுந்ததுபோல் ஒரு அமுங்கல் மட்டும்.

"என்னம்மா, சாமிகிட்ட ரகசியம் பேசுறியா?" என்றாள் ஃபுசாயே. தொப்பியில் செயற்கைப் பூ வைத்த, எதையும் சொல்லாமல் விடத் தெரியாத பெண். "சத்தமில்லாம தட்டுறது சாவு வீட்டுலல்ல?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரேன்," என்றார் அவள் கணவர் யசுஹிகோ. அவர் தட்டியதில் கூரைமேல் இருந்த கடற்காகங்கள் பறந்தன.

ஷியோரிக்குக் காது சுட்டது. கைதட்டல் எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியும்; விருந்தினர்களிடம் ஆசையாக விளக்குவாள். இரண்டு உள்ளங்கைக் குழிகளுக்கும் நடுவே கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்கிறது. கைகள் சட்டென்று மூடும்போது அந்தக் காற்று வெளியே பீறிட்டு ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் சத்தம். வலக்கையைக் கொஞ்சம் கீழே இழுத்து வைத்தால் குழி சரியாக அமையும், ஓசை கணீரென்று எழும். இத்தனையும் தெரிந்தவளின் கை ஊமையாகக் கிடந்தது.

எரிச்சலுக்கு வேறொரு காரணமும் இருந்தது. சாமியின் கதவைத் தட்டுவதுதான் கைதட்டல். கணவன் கென்சாகு படகேறிப் போகும் நாளெல்லாம் விடிந்ததும் இங்கே வந்து அவன் பெயரைச் சொல்லித் தட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். இன்று நண்டு பிடிக்கத் தடை நீங்கிய முதல் நாள். அவன் நடுக்கடலில் இருக்கிறான். விருந்தினர் வருமுன்பே அவள் ஒருமுறை வந்து தட்டியிருந்தாள். அப்போதும் இதே அமுங்கல்தான். குளிரில் விரல் மரத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

காரில் ஏறியதும் கைகளை ஹீட்டருக்கு முன் நீட்டிச் சூடேற்றினாள். துண்டால் துடைத்தாள். உள்ளங்கை மறுபடி ஈரமானது. மறுபடி துடைத்தாள். துண்டில் கடற்பாசி வாடை அடித்தது.

மலைமுனைக் கோயிலுக்குப் போகும் படிகளில் ஃபுசாயே மூச்சு வாங்க ஏறியபடி, "மத்தியானம் உன் வீட்டுக்காரர் பிடிச்ச நண்டுதானே? அதுக்காகத்தான் இந்த ஆளோட இவ்வளவு தூரம் வந்தேன்," என்றாள்.

"ஆமாம்மா. படகு வந்ததும் ஒக்கிமி அக்கா கடையில நேரா அடுப்புக்குப் போயிடும்."

மேலே காற்று ஓங்கி வீசியது. பைன் மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. தம்பதி சன்னதிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷியோரி பின்பக்கம் போய்த் தன் கைகளைச் சோதித்தாள். தொடையில் தட்டினாள்: சத்தம் வந்தது. மரத்தில் தட்டினாள்: வந்தது. ஃபுசாயேவை அழைத்து, விளையாட்டுபோல அவள் உள்ளங்கையில் தட்டினாள்: பளாரென்று வந்தது.

"அடியேய், வலிக்குது!"

வலக்கையிலும் கோளாறு இல்லை, இடக்கையிலும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தொட வரும்போது மட்டும்தான் கோளாறு. பழுதான பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவள் அவள். அந்தக் காரணம் கண்ணெதிரே நின்றுகொண்டு கைக்கு அகப்படாதது அவளுக்கு அழுகையையே வரவழைத்தது.

கீழே கடலில், தொலைவில், கென்சாகுவின் படகு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

மதியம் அவர்கள் கடைக்கு வந்தபோதும் படகு அங்கேயே நின்றது.

ஒக்கிமியின் அண்டாவில் நீர் கொதித்துக் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. "வெந்நீரையா ஊத்திக் குடுக்கறது? எங்கடி உன் புருஷன்?" என்று கேட்டபடி அவள் தவிட்டில் ஊறவைத்த கானாங்கெளுத்தியைச் சுட்டு, கணவாய்த் துண்டுகளோடு தட்டில் வைத்தாள். ஃபுசாயே ஒரு வாய் தின்றுவிட்டு, "கடலையே கடிச்ச மாதிரி இருக்கு," என்று முகம் சுளித்தாள். யசுஹிகோ இரண்டாவது துண்டுக்குக் கைநீட்டினார்.

ஷியோரியின் போன் அடித்தது. கென்சாகு. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஷியோரி, எஞ்சின் முழு வேகத்துல ஓடுது. படகு நகரல."

"வலை எதுலயாவது மாட்டிக்கிச்சா?"

"வலைய விடியக்காலையே அறுத்து விட்டாச்சு."

"ஏன்?"

எஞ்சின் உறுமல் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு அவன் குரல் தணிந்தது. "வலையில ஒருத்தர் வந்தாரு."

கடலில் பிணம் அகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அது பிணமல்ல, மீன் தர வந்த எபிசு சாமி. படகுத் தலைவர் கேட்பார்: 'மீன் தருவாயா?' இறந்தவருக்காகப் படகில் இன்னொருவர் பதில் சொல்வார்: 'தருகிறேன்.' அதன்பின் இடப்பக்கமாகத் தூக்கி ஏற்றி, கரைக்குக் கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டு வரக்கூடாது.

"கேட்டீங்களா?"

"தலைவர் கேட்டாரு. பதில் சொல்ல வேண்டியது நான். சீசன் மொத நாளு ஷியோரி. போலீசு, விசாரணைன்னு படகக் கட்டிப் போட்டுருவாங்க. நான் வாயத் திறக்கல. தலைவரும் மறுபடி கேக்கல."

"அப்புறம்?"

"ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிச்சிருந்தாரு. அறுத்து விட்டேன். துறைமுகக் கோயில் பக்கம்தான் மிதந்து போனாரு. அலை ஏறுது. வேற படகு ஒண்ணு வந்து இழுத்துப் பாத்துச்சு. அதோட கயிறுதான் அறுந்துச்சு. சாமிகிட்ட நல்லா சத்தமாத் தட்டு. என்ன?"

அவள் சரி என்றாள்.

கடைசிக் கோயில் கரையை ஒட்டிய பாறைத் திட்டில் இருந்தது. சிறிய சிமெண்டுப் பாலம். கடலைப் பார்த்தபடி சிவப்பு வளைவு. சூரியன் மேகத்துக்குள் புதைந்து, நீரும் வானமும் ஈயநிறமாகிவிட்டிருந்தன. கென்சாகுவின் படகு அந்த ஈயத்தில் எழுந்து அமுங்கியது. ஒவ்வொரு முறையும் எழ இன்னும் கொஞ்சம் தாமதித்தது.

தம்பதி பாலத்தின் கைப்பிடியருகே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷியோரி வளைவின் கீழ் நின்று, கைகளைச் சட்டென்று தட்டாமல், மெல்ல, ஒரு கதவைச் சாத்துவதுபோல் நெருக்கினாள்.

கைகள் சேரவில்லை.

நடுவே இடைவெளி இருந்தது. அதற்கப்பால் நெருங்கவில்லை. அழுத்தினாள். மெத்தென்று அமுங்கியது. குளிர்ந்திருந்தது. உள்ளே எலும்பு தட்டுப்பட்டது. காற்று நிற்க வேண்டிய குழிக்குள் வேறொன்று நின்றது.

விலக்கப் பார்த்தாள். விலகவில்லை.

விரல்கள். அவளுடையவை அல்ல. ஊறிப்போய்த் தோல் சுருங்கிய விரல்கள். அவள் விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து மடங்கின.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

விடியலில் கடலைப் பார்த்து கென்சாகுவின் பெயரைச் சொல்லி நீட்டிய கைகள். கயிறு அறுந்தவன் எதிரே வந்த கையைப் பிடித்திருக்கிறான். யாருடையதாக இருந்தாலென்ன.

தொலைவில் படகு அமுங்கியது. எழவில்லை. எழவில்லை. எழுந்தது.

"படகை விடுவியா?" என்று கேட்டாள்.

அலை. காற்று. பதில் இல்லை. இறந்தவன் சார்பில் யாராவது சொல்ல வேண்டும். அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"விடுறேன்," என்றாள்.

பிடி இறுகியது. ஆமாம், பதில் சொன்னால் ஏற்றிக்கொள்ள வேண்டும். எதில் ஏற்றுவது? படகில்லை. அவள் மட்டும்தான் இருந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பிடித்த கைகளை இடத்தோளுக்கு மேலாக இழுத்துக்கொண்டு குனிந்தாள்.

"பாருங்களேன் இந்தப் பொண்ண!" ஃபுசாயே சிரித்தாள். "யாரையோ உப்பு மூட்டை தூக்குற மாதிரி!"

கனம் ஏறியது. முழங்கால் மடங்கியது. கழுத்தடியில் ஈரமான ஒரு கன்னம். விலாவில் இரண்டு முழங்கால்கள்.

போன் அடித்தது. எடுக்க முடிந்தது.

"நகருது! ஷியோரி, படகு நகருது! வந்துட்டே இருக்கோம்!" கென்சாகு அழுதான். பின்னால் ஆட்கள் கத்தினார்கள். "தட்டுனியா? தட்டுன, இல்ல?"

போனைப் பைக்குள் போட்டாள். நிமிர முயன்றாள், பாதிதான் முடிந்தது. இருமுறை தட்டினாள். கணீரென்று பாறையெங்கும் எதிரொலித்தது.

"அப்படிப் போடு!" என்று யசுஹிகோவும் தட்டினார்.

அவள் தாடைக்குக் கீழே, வெளுத்த இரண்டு கைகள் ஒன்றையொன்று பின்னிப் பூட்டிக்கொண்டன.

கைகளுக்கு நடுவே இருப்பவனை முதுகில் ஏற்றிக்கொண்டால் போதும். கைகள் காலியாகிவிடும். சத்தம் வரும்.