விரிப்பின் மறுமுனை

முற்பகல் பதினொரு மணிக்குத் தோளில் ஒரு பையும் கையில் கையுறைப் பெட்டியுமாக வந்து சேர்ந்தாள் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ். கதவைத் திறந்த சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று மணி ரயிலில் அவள் கிளம்பியாக வேண்டும். நாளையும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா படுத்த படுக்கையாகி ஒன்பது வருடம். அத்தனை வருடமும் தனியாகப் பார்த்தவள் பெரியவள், இவளுடைய அக்கா. வெளியாள் கை அப்பா மேல் படக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள். போன மாதம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தாள். "ஒரு வாரம் வந்து இருடி" என்று அவள் கேட்டபோதெல்லாம் சின்னவளுக்கு லீவு கிடைத்ததில்லை.

அறையில் மருந்தும் பவுடரும் கலந்த மணம். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. இடையில் விரல் நுழையலாம், ஆள் நுழைய முடியாது. படுக்கைப் புண் வராமலிருக்க அவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும். முதுகுக்கடியில் கிடக்கும் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டுவதுதான் முறை என்றாள் நர்ஸ்.

"உங்க அக்கா தனியாவா செஞ்சாங்க? பயில்வானா என்ன?"

ஒரு மாதத்துக்குப் பிறகு சின்னவள் சிரித்தாள்.

கட்டிலை அப்புறம் நகர்த்தலாம், இப்போதைக்குச் சமாளிக்கிறேன் என்று சொல்லி நர்ஸ் தன் பக்கத்து முனையைச் சுருட்டிப் பிடித்தாள்.

சுவர்ப் பக்கத்து முனை மெல்ல எழுந்தது.

விறைப்பாக நின்றது.

அப்பா ஒரு குலுக்கல்கூட இல்லாமல் புரண்டார். விரிப்பு தாழ்ந்தது. அதிலிருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீவப்பட்டன.

நீவிய கை தெரியவில்லை.

நர்ஸ் கையுறையைக் கழற்றினாள். பையைத் தோளில் மாட்டினாள். குரல் உயரவில்லை.

"இது ரெண்டு பேர் வேலை, மேடம். ஒருத்தங்க இருக்காங்க. இன்னொருத்தி நான் இல்ல."

சின்னவள் தெருவரை ஓடிக் கெஞ்சினாள். நர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஏஜென்சிக்குப் போன் செய்தால், விடிந்தால்தான் வேறு ஆள் என்றார்கள்.

ஒரே ஒரு ராத்திரி. அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று சின்னவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். தண்ணீரை அப்பாவுக்கு எட்டும்படி வைத்தாள். அந்தக் கைகளுக்கு எதுவும் எட்டாது என்பது அவளுக்குத் தெரியும். தன் பயணப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் நடந்தாள்.

அப்பா சுவரைப் பார்த்தபடி கிசுகிசுத்தார்.

"பெரியவளே... சின்னவ கிளம்புறாம்மா. புடிச்சுக்கோ."

சின்னவளின் மணிக்கட்டில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஐந்தாவது, கட்டைவிரல் அழுந்துகிற இடத்தில்.

சின்னவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

பிடி தளரவில்லை.