தண்ணீர் குடிக்காத மஞ்சள் துணி

டூஃபி போக்குவாவின் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இன்னும் கொஞ்ச நேரத்துல டாக்டர் அம்போமா வந்துடுவாங்க. அதுக்குள்ள நீங்க வந்து பார்க்கணும். இல்லேன்னா என் கடைப் பேரும் போச்சு, அடாயோட பேரும் போச்சு."

கானா நாட்டின் குமாசி நகரில் கார் கழுவும் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கறுப்பு வண்டி வைத்திருப்பவர்கள் டூஃபியைத்தான் தேடி வருவார்கள். கறுப்புப் பெயிண்டில் ஈ நடந்தாலும் தடம் தெரியும். அதைத் தடமில்லாமல் துடைத்து மெருகேற்றும் கை அவளுக்கும் அவளுடைய வேலையாள் அடாய்க்கும்தான் உண்டு என்று ஊரே சொல்லும்.

போக்குவா பேனாவை மூடினார். அவர் ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர். மோதிய வண்டிகளைப் பார்த்து, யார் சொல்வது உண்மை என்று காப்பீட்டுக்காரர்களுக்குச் சொல்வது இப்போது அவர் வேலை. "மொதல்லேருந்து சொல்லு," என்றார்.

டாக்டரின் மகளுக்கு நாளை கல்யாணம். மறைந்த தன் அப்பாவின் பழைய கறுப்பு பென்ஸில்தான் பெண்ணை தேவாலயத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. காலையில் டூஃபியும் அடாயும் அதைக் கண்ணாடி போல ஆக்கி நிறுத்திவிட்டுப் பின்கட்டில் சாப்பிடப் போனார்கள். டாக்டரின் டிரைவர் குவார்டெங் வண்டியருகே இருந்தார். திரும்பி வந்தால் பானட் முழுக்க மெல்லிய கீறல்கள். அடாயின் வாளித் தண்ணீருக்குள் மண் படிந்த ஒரு மஞ்சள் துணி. குவார்டெங் கூச்சல் போட்டுத் தெருவையே கூட்டிவிட்டார்.

டாக்ஸியை ஓட்டிக்கொண்டே டவியா தீர்ப்பு எழுதிவிட்டான். போக்குவாவை ஊர் முழுக்க அழைத்துப் போகும் டிரைவர் அவன். துப்பறிவதில் அவரைவிட அவனுக்கு அவசரம்.

"இதுல என்ன மேடம் இருக்கு? டயர் துடைச்ச துணியாலேயே பானட்டையும் துடைச்சிருப்பான். அடாய்தான்!"

"ரோட்டைப் பாரு, டவியா."

பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று சுழன்றடித்துச் செம்மண் தூசியை எங்கும் தூவியிருந்தது. கொட்டகையில் அடாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எதிரே பஞ்சர் கடைக்காரரும், கென்கே என்னும் சோள மாவு உருண்டை விற்கும் பெண்ணும் அவனைத் திருடனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்ற குவார்டெங் முன்னே வந்தார்.

"பாருங்க மேடம்! இந்தப் பய காஞ்ச துணியை வெச்சு அழுத்தித் தேச்சிருக்கான். பெரியவர் காலத்துலேருந்து இந்த வண்டியில ஒரு கீறல் கிடையாது."

போக்குவா பானட்டின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாளியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். டவியா முந்திக்கொண்டு மோந்து பார்த்தான்.

"அட, என் பொண்டாட்டி சர்ச்சுக்குக் கட்டுற துணி மாதிரி மணக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். போக்குவா மட்டும் சிரிக்கவில்லை. "டூஃபி, நீ துணி எப்படித் தேர்ந்தெடுப்பே? காட்டு."

டூஃபி தன் அலமாரியைத் திறந்தாள். நகைக்கடை போல அத்தனை நேர்த்தி. சிவப்பு, சக்கரத்துக்கு மட்டும். நீலம், கண்ணாடிக்கு; அதன் நெசவில் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஈரம் எடுக்க, முறுக்கிய நூல்கள் அடர்ந்த பெரிய துண்டு. கடைசி மெருகுக்கு, பூனைக்குட்டி முதுகு போன்ற மஞ்சள்.

"மஞ்சளுக்கு ஓரத் தையலே இருக்கக்கூடாது மேடம், தையல் கீறும். கம்பெனி லேபிள் இருந்தாலும் பிச்சுடுவேன். கீழ விழுந்த துணி மறுபடி பெயிண்டைத் தொடாது. துவைக்கிறதும் நானேதான். வெறும் சோப்புத் தண்ணி, நிழல்ல காயப் போடுறது. துவைக்கிறப்ப ஊத்துற வாசனைத் திரவம் என் கடைக்குள்ளேயே வராது."

"ஏன்?"

"அது நூல் மேல எண்ணெய் மாதிரி படிஞ்சுடும். அப்புறம் துணி தண்ணி குடிக்காது, தூசியையும் உள்ள வாங்காது. பெயிண்ட் மேலேயே இழுத்துக்கிட்டுப் போகும்."

"இந்த மஞ்சள் துணி வேற யார்கிட்ட இருக்கு?"

"வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் இதே கட்டுலேருந்து ஒண்ணு குடுப்பேன். டாக்டரம்மா வண்டியிலயும் ஒண்ணு இருக்கும்."

போக்குவா குவார்டெங் பக்கம் திரும்பினார். "அது எங்க, அண்ணே?"

"வீட்டுல துவைச்சுக் காயப் போட்டிருக்கேன் மேடம். ஒரு வாரமா அங்கதான் கிடக்கு. வண்டிச் சாமான் எல்லாம் என் சட்டையோட சேர்த்து நானேதான் துவைப்பேன்." அவர் குரலில் பெருமை இருந்தது.

அப்போது டாக்டர் அம்போமா வந்து இறங்கினார். பானட்டைப் பார்த்தார், அடாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அடாய் கூனிக்குறுகினான்.

"டாக்டரம்மா, ஒரே ஒரு கேள்வி," என்றார் போக்குவா. "வண்டியில இருந்த மஞ்சள் துணியைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"இன்னைக்குக் காலையில. அதை எடுத்துத்தான் என் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சேன். ஏன்?"

குவார்டெங்கின் கை தொப்பிக்குப் போனது. டவியா அதைப் பார்த்துவிட்டான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் பிடிபடவில்லை.

போக்குவா எல்லோரையும் அருகே வரச் சொன்னார். ஒரு பழைய காரின் கண்ணாடி மேல் தண்ணீரைக் கொட்டினார். டூஃபியின் அலமாரியிலிருந்து எடுத்த மஞ்சள் துணியை நனைத்து, பிழிந்து, அதன் மேல் போட்டு இழுத்தார். கண்ணாடி காய்ந்துவிட்டது. வாளித் துணியை நன்றாக அலசி, அதையும் அப்படியே பிழிந்து இழுத்தார். தண்ணீர் அதற்கு முன்னால் உருண்டு ஓடியது.

"இது குடிக்க மறந்துபோன துணி. டூஃபி துவைச்சது இல்ல. வாசனைத் திரவம் போட்டு யாரோ வீட்டுல துவைச்சது. வீட்டுல காயுதுன்னு சொன்ன துணியாலதான் டாக்டரம்மா காலையில கண்ணாடி துடைச்சிருக்காங்க. இப்ப அது வண்டியில இருக்கான்னு பாரு, டவியா."

டவியா காருக்குள் தலையை விட்டுத் தேடினான். இல்லை.

"இன்னொண்ணு. இந்தத் துணி கிடைச்சது தண்ணிக்குள்ள. பார்க்கிறவங்க ஈரத்துணியால தேய்ச்சதாத்தான் நினைப்பாங்க. ஆனா நான் வந்ததும் ஒருத்தர் சொன்னார், காஞ்ச துணியால தேச்சிருக்கான்னு. அது எப்படித் தெரியும்? தேய்ச்ச கைக்குத்தானே தெரியும்." போக்குவாவின் குரல் உயரவேயில்லை. "இவங்க சாப்பிடப் போனப்ப காத்து அடிச்சு பானட்டுல தூசி படிஞ்சுது. அதை நீங்க தட்டி விடப் பார்த்தீங்க. நல்ல எண்ணம்தான். அப்படித்தானே அண்ணே?"

குவார்டெங் தொப்பியைக் கழற்றினார்.

"வண்டி அவ்வளவு அழகா இருந்துச்சு. மேல தூசி விழவும் மனசு கேக்கலை. ரெண்டு இழுப்புதான் இழுத்தேன்… கீறலைப் பார்த்ததும் துணியை அவன் வாளிக்குள்ள போட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் டாக்டர்.

"நாளைக்கு ஸ்டியரிங்கை வேற ஆள்கிட்டக் குடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேம்மா. பாப்பா தொட்டில்ல கிடந்தப்பலேருந்து நான்தானே ஓட்டினேன்."

டாக்டர் அவரை விட்டுத் திரும்பினார். அடாயின் அருகே போய் நின்றார். "தம்பி, விசாரிக்காமலே உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடு. இந்தக் கீறல் போகுமா?"

அடாய் விரல் நுனியால் பானட்டைத் தடவினான். "மேலோட்டமாத்தான் இருக்கு டாக்டரம்மா. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடலாம்."

"அப்போ நீயே சொல்லு. நாளைக்கு இவர் ஓட்டலாமா, வேண்டாமா?"

அடாய் குவார்டெங்கை ஒரு கணம் பார்த்தான்.

"அவரே ஓட்டட்டும். கல்யாணப் பொண்ணுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனா தெருவைக் கூட்டி என் பேரைக் கெடுத்தாரு இல்ல? அதே வாயால, அதே ஆளுங்ககிட்டப் போய் நடந்ததைச் சொல்லணும்."

குவார்டெங் தொப்பியைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்தார். முதலில் பஞ்சர் கடைக்காரர் முன் நின்றார். அவர் பேசியது இங்கே கேட்கவில்லை. ஆனால் கென்கே விற்கும் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெருங்கி வந்ததையும், எல்லா முகங்களும் மெதுவாக அடாய் பக்கம் திரும்பியதையும் டவியா பார்த்தான்.

அடாய் அதைக் கவனிக்கவில்லை. வண்டியை மறுபடி கழுவ, அலமாரியிலிருந்து தனக்கு வேண்டிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.